கல்லாவில் ஆள் இருந்த காலம்

திருமலையில் உண்டியல் காணிக்கையை எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். நாணயங்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் குவியும். அதே மலையின் அடிவாரத்தில், அலிபிரியில், எண்பதுகளின் நடுவில் ஓர் எட்டணாச் சில்லறை கிடைக்காமல் மனிதர்கள் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் ஒரு முனையில் பல நாள் நான் நின்றிருக்கிறேன். பெருமாளின் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பக்தர்கள் சுற்றிவரும் பாதால மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி என் தாய்மாமாவின் கடை. கற்பூரம், மஞ்சள், குங்குமம், தேங்காய், நாமக்கட்டி, மணிமாலை, சாமி படம், மொட்டைத் தலைக்குத் துணித்தொப்பி. பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான். புரட்டாசி வந்துவிட்டால் பள்ளி இருந்தாலும் சனிக்கிழமைகளில் அங்கேதான்.

வாங்குகிறவர்கள் இரண்டு ரூபாய்த் தாளையோ ஐந்து ரூபாய்த் தாளையோ நீட்டுவார்கள். மீதி கொடுக்க எங்களிடம் காசு இருக்காது. ஆனால் அவர்கள் இடுப்பில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கனமாகத் தொங்கும். அதற்குள் முழுக்கச் சில்லறை. "அதுலேர்ந்து எட்டணா குடுங்கம்மா" என்று நான் கேட்டால் அந்த அம்மாளின் முகம் மாறிவிடும். "அது சாமி காசுடா. அதுல கை வைக்கச் சொல்றியா?" கேட்பது நியாயம்தான். வேண்டுதலுக்காக ஒரு வருஷம் முடிந்துவைத்த காசை வழியில் பிரிக்கக் கூடாது. ஆனால் அதற்கடுத்து வந்து விழும் சொல் எதற்கும் நான் பொறுப்பில்லை. "மலையடிவாரத்துல உக்காந்துகிட்டு கொள்ளையடிக்கிறீங்க. பெருமாள் பாத்துகிட்டுதான் இருக்கார்." சொல்லிவிட்டு, கோவிந்தா என்று குரல் கொடுத்தபடி அவர்கள் படி ஏறுவார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதில் அந்தக் கோவிந்தாவைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். பக்தியும் அந்தச் சொல்லும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன என்று அப்போது விளங்கவில்லை. இப்போது அந்த வயசைவிட நான்கு மடங்கு கடந்தும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அலிபிரியிலிருந்து மேலே 3,550 படிகள். படிபூஜை நேர்ந்துகொண்டவர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றிக்கொண்டே போவார்கள். குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, மலை முழுக்க. ஆகவே எங்கள் கடையில் கற்பூரம் வாங்கியவர்கள் ஐந்து பத்து வில்லை வாங்கியவர்கள் அல்ல, ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கற்பூரத்துக்கு ஒரு குணம் உண்டு: உருகாமலே காற்றில் போய்விடும். டின் மூடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், சில வாரத்தில் வில்லைகள் இளைத்துவிடும். டின்னுக்குள் மிளகு போட்டுவைத்தால் கரையாது என்ற நம்பிக்கை வீடுகளிலும் உண்டு, கடைகளிலும் உண்டு. மாமாவும் போட்டுவைப்பார். போட்டாலும் அடி டின்னில் இருந்தவை சிறுத்துத்தான் வெளியே வரும். அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு நாங்கள் ஓரத்தைச் சுரண்டிவிட்டோம் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்? காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முதல் படியிலேயே துண்டை விரித்துக் கொட்டி எண்ணினார். பின்னால் இரண்டு மருமகள்கள் மஞ்சள் புடவையில் காத்து நின்றார்கள். "நூறுன்னு சொன்னே. தொண்ணூத்தி நாலுதான் இருக்கு" என்று என்னிடம் திரும்பி வந்தார். மாமா கல்லாவில் இருந்தபடியே இன்னொரு டின்னைத் திறந்து கைநிறைய அள்ளி அவர் துண்டில் போட்டார். "எண்ணாதீங்க பெரியவரே, வெயில் ஏறுறதுக்குள்ள படியேறுங்க." பெரியவர் அதையும் எண்ணினார்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புத் தூளில் சாயம் ஏற்றிக் குங்குமம் என்று விற்றவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். எடைக்கல்லின் அடியில் குடைந்து ஈயத்தை எடுத்தவர்களும் இருந்தார்கள். யாத்திரைத் தலத்துக் கடைக்காரனுக்கு ஒரு துணிச்சல் உண்டு. இன்று வாங்குகிறவர் நாளை அவர் ஊரில் இருப்பார். திரும்பி வந்து கேட்கப்போவதில்லை. வாங்குகிறவருக்கும் அதே துணிச்சல்தான். இந்தப் பையனை அவர் மறுபடி பார்க்கப்போவதில்லை. தெருமுனை மளிகைக் கடையில் இப்படி ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள முடியாது. அங்கே கடன் புத்தகம் இருக்கிறது, கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயாக வேண்டியிருக்கிறது. அலிபிரியில் அந்தக் கட்டு எதுவும் இல்லை. முன்பின் தெரியாத இருவர், நடுவில் ஒரு பொட்டலம், அவ்வளவுதான். இன்று பெரிய நகரங்களின் மாடிக்கடைகளில் நடக்கும் வியாபாரம் அப்போதே அங்கே வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

தொப்பி விற்பது இதைவிடக் கடினம். மேலே மொட்டையடித்து, தலையில் ஈரச் சந்தனத்தோடு இறங்கி வருவார்கள். குடும்பத்தில் ஐந்து தலை என்றால் ஆளுக்கு நாலு தொப்பி போட்டுப் பார்ப்பார்கள். எல்லாத் தொப்பியின் உட்புறமும் சந்தனம் அப்பிக்கொள்ளும். பிறகு, "வேற கடையில பாக்கலாம்." சந்தனம் ஒட்டிய தொப்பியை அடுத்தவர் தொடமாட்டார். சாயங்காலம் மாமி அவற்றைத் துவைத்துக் காயப்போடுவாள். வெயிலில் சாயம் வெளுத்து அவை அரை விலைக்குப் போகும். "போட்டுப் பார்க்கக் கூடாது" என்று தெலுங்கிலும் தமிழிலும் அட்டையில் எழுதி நான் ஒருமுறை தொங்கவிட்டேன். மாமா அதைக் கழற்றிவிட்டார். "தலை அளவு தெரியாம யாரு வாங்குவா?" என்றார். வாங்குகிறவர்களின் பக்கத்து நியாயம் அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

அதனால்தான் அன்று அவர் செய்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. போணி ஆகாத காலை நேரம். காரில் மலைக்குப் போகிற ஒருவர் இறங்கி வந்து தேங்காய், கற்பூரம், சாமி படம் ஒன்று எடுத்தார். நூறு ரூபாய்த் தாள் கொடுத்தார். அந்த நாளில் அது பெரிய தாள். சில்லறை மாற்றி வருகிறேன் என்று நான் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அங்கே இல்லை, அடுத்த கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் பொறுமை தீர்ந்திருந்தது. "பணத்தோட ஓடிட்டேன்னு நெனச்சேன், திருட்டுப் பயலே" என்று கையை ஓங்கினார். அடி விழவில்லை. மாமா கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்து நடுவில் நின்றிருந்தார். நல்ல பருமனான ஆள், நகரிப் பக்கத்துக்காரர், எப்போதும் உட்கார்ந்தே வியாபாரம் செய்கிறவர். அவர் எழுந்து நின்று பார்ப்பதே அபூர்வம். என் கையிலிருந்த நோட்டுகளை வாங்கி முழு நூறாக எண்ணி அவரிடம் நீட்டினார். மேசைமேல் இருந்த பொருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க பணம் இந்தாங்க. சரக்கு எங்கிட்டயே இருக்கட்டும். பையனைத் தொடாதீங்க." சத்தம் போடவில்லை. அந்த மனிதர் இன்னும் ஏதேதோ சொன்னார். மாமா பதில் பேசாமல் அங்கேயே நின்றார், கார் கிளம்பும்வரை.

காலையின் முதல் வியாபாரத்தை அப்படித் திருப்பி அனுப்புவது கடைக்காரருக்குச் சாதாரணம் அல்ல. போணி கெட்டால் நாள் கெட்டது என்று நம்புகிறவர்கள் அவர்கள். மாமா அன்று முழுக்கக் கடுகடுவென்றே இருந்தார். கார் மறைந்ததும் என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. "சில்லறை இல்லேன்னா வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லணும். எத்தினி தடவை சொல்றது?" அந்தக் குட்டையும் நான் மறைக்க விரும்பவில்லை. எனக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. தீபாவளிக்குச் சட்டை, பள்ளி தொடங்கும்போது நோட்டுப் புத்தகம். இன்று அதைக் குழந்தைத் தொழில் என்பார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். அந்தக் காலம் பொற்காலம் இல்லை. ஆனால் கை ஓங்கியவருக்கும் எனக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் இருந்தார். கடையில் எதை விற்பது, யாருக்கு விற்காமல் இருப்பது என்று முடிவு செய்கிற அதே ஆள், எனக்கு விழுந்த திட்டு தன் காதிலும் விழும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இதைத்தான் நான் மறுபடி மறுபடி நினைக்கிறேன்.

மாமா காலமான பிறகு கடை கைமாறியது. நான் படித்து வேறு வேலைக்குப் போனேன். நடைபாதை மாறிக்கொண்டே இருக்கிறது. 2021-ல் சில மாதம் மூடி மேற்கூரையைப் புதுப்பித்தார்கள். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்ற பிறகு, பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஏறவிடுவதில்லை என்ற கட்டுப்பாடு வந்தது. ஊரிலிருந்து ரயில் பிடித்து, இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அங்கே நின்ற காவல் பணியாளரைத் திட்டித் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன். காக்கிச் சட்டை போட்ட அந்த இளைஞர் ஒப்பந்த ஊழியர். நேரத்தை வைத்தவரும் அவர் இல்லை, மாற்றக்கூடியவரும் அவர் இல்லை. 2022 ஜூன் 1 முதல் திருமலையில் பிளாஸ்டிக்குக்கு முழுத் தடை. சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் பாட்டிலைப் பறிகொடுத்தவர் திரும்பி வந்து, அதை விற்ற கீழ்க்கடைப் பையனிடம் காசு கேட்கிறார். மேலே போனால் கண்ணாடிப் பாட்டில். அதற்கு முன்பணம் வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் தண்ணீரின் விலை இவ்வளவா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லும் வேலை கவுன்டரில் நிற்கிறவருக்கு. ஒரு நாளில் எத்தனை நூறு முறை!

போன புரட்டாசியில் ஏறப் போனபோது, மாமா கடை இருந்த வரிசையில் ஒரு பையனிடம் கற்பூரம் வாங்கினேன். பதினெட்டு இருபது வயதிருக்கும். சில்லறைச் சண்டை ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 2016-ல் யூபிஐ வந்தது, இப்போது தேங்காய்க்கும் ஸ்கேன் செய்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார், கைபேசியைக் காட்டினார், கணக்கில் கழிந்திருந்தது. கடையின் சிறிய ஒலிப்பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. "சார், எங்களுக்கு வரலை சார்." "போயிடுச்சுன்னு காட்டுதே, கண்ணு தெரியலையா?" அந்தப் பையனால் சரிபார்க்க முடியாது. காரணம், அட்டையில் இருந்த குறியீடு அவனுடைய கணக்கும் இல்லை, அவன் கையில் இருக்கும் போனுக்கு வருவதும் இல்லை. முதலாளி ரேணிகுண்டாவில் இருந்தார். அவருக்கு இதுபோல் இன்னும் கடைகள் உண்டாம். பையன் போன் போட்டான். அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். பின்னால் வரிசை சேர்ந்தது, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அந்த வாடிக்கையாளர் இன்னொரு முறை பணம் அனுப்பிவிட்டு, "இவனுங்க எல்லாம் ஒரே கூட்டுக் களவாணிங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கணக்கில் கழிந்து கடைக்கு வந்துசேராத பணம், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தாமதித்தால் வங்கி நாளுக்கு நூறு ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. அந்த வாடிக்கையாளருக்கு அது தெரியாது, பையனுக்கும் தெரியாது. நான் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டான். "சொன்னா நம்ப மாட்டாங்க சார்" என்றான். மாமாவின் கல்லா மரப்பெட்டி. மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஐந்து அறை தடுத்தது. இந்தக் கடையில் கல்லா என்று பார்க்க எதுவும் இல்லை. அது முதலாளியின் சட்டைப்பையில், ரேணிகுண்டாவில் இருந்தது.

என் அக்கா மகள் திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பல மாடி, குளிர்சாதனம், பட்டுக்குத் தனித் தளம். பட்டம் வாங்கியவள், தெலுங்கு, தமிழ், தேவைப்பட்டால் இந்தி. காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை பெரும்பாலும் நின்றபடி. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து நான் பழைய பட்டுக்கடைகளை நினைத்துக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் சின்ன வயதில் போயிருக்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தை. வாங்க வந்த பாட்டியும் உட்காருவாள், விற்கிறவரும் எதிரே சப்பணம் போட்டு உட்காருவார். புடவைகள் நடுவில் விரியும். பேரம் ஒரு மணி நேரம் நடந்தாலும் இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். பிறகு கண்ணாடி மேசை வந்தது. இப்போது வாங்குகிறவருக்கு நாற்காலி இருக்கிறது, விற்கிறவளுக்கு இல்லை. ஒரு குடும்பம் வந்தால் நாற்பது புடவை இறக்க வேண்டியிருக்கும். "அந்தக் கலர்ல வேற பார்டர்," "அந்த பார்டர்ல வேற கலர்." எடுக்காமல் போனால் மடித்து அடுக்க அரை மணி நேரம். ஆனால் புடவையைப் புரட்டிப் பார்ப்பதைக் குறை சொல்லி அவள் பேசியதே இல்லை. "பாக்காம எப்படி மாமா எடுப்பாங்க?" என்பாள். என் மாமா சொன்னதுபோலவே சொல்வாள். அவர் இறந்தபோது இவள் பிறக்கவில்லை.

உட்கார்வதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவில் தையல்காரியான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கிக் கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் போராடினார். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 'இரிக்கல் சமரம்' என்றே பெயர் வைத்து உட்கார்ந்தார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. 2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்து, ரங்கநாதன் தெருக் கடைகளின் உட்புறம் எல்லோருக்கும் தெரிந்து, பதினோரு வருஷம் கழித்து! என் அக்கா மகளுக்கு அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. திருத்தணி 1960-ல் எல்லை மாற்றத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. நகரி, திருப்பதியைப் போலவே, ஆந்திரப் பக்கம் நின்றது. திருத்தணி ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் சட்டத்தைக் காட்டி நாற்காலி கேட்கலாம். சில மைல் இப்பால் இருக்கிறவள் அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

அவள் கடையில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் காந்தி படம் போட்ட பலகை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் நம்மிடம் வரும் மிக முக்கியமான விருந்தாளி, அவர் நம்மைச் சார்ந்தில்லை, நாம்தான் அவரைச் சார்ந்திருக்கிறோம் என்ற பொருளில் போகும் வாசகம். வங்கிகளிலும் ரேஷன் கடைகளிலும்கூடப் பார்த்திருப்பீர்கள். இந்த வாசகத்தை 1890-ல் காந்தி தென்னாப்பிரிக்காவில் பேசியதாகப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். 1890-ல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். தென்னாப்பிரிக்காவில் கால் வைத்தது 1893-ல். அங்கே ரயிலிலிருந்து தள்ளப்பட்டு, அவமானம் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த ஒரு மனிதரின் படத்தைத் தலைக்கு மேல் மாட்டி, அதன் கீழே நிற்கும் பெண்ணிடம் அவமானத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. வாடிக்கையாளர் சொல்வதே சரி என்பது சிகாகோவிலும் லண்டனிலும் பெரிய கடைகள் எழும்பிய காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய வியாபார மந்திரம். அதைச் சொன்ன முதலாளிகளுக்கு அது லாபம் தந்தது. வாடிக்கையாளர் எதிரே பகல் முழுவதும் நின்றவர்கள் அவர்கள் இல்லை.

நுகர்வோர் உரிமையை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அலிபிரி வரிசையில் ஈயத்தை எடுத்த எடைக்கற்கள் இருந்தன. அந்தச் சட்டம் வேண்டியிருந்தது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பில்லில் காலவரை போடாவிட்டால் முப்பது நாள். நல்ல சட்டம். அது பழுதான பொருளைப் பற்றியது. முகூர்த்தத்துக்குக் கட்டி முடித்த புடவையைப் பற்றியது அல்ல.

அப்படி ஒரு புடவைதான் போன கார்த்திகையில் வந்தது. ஃபால்ஸ் தைத்திருந்தது. முந்தானை ஓரத்தில் சந்தனக் கறை. கொண்டுவந்த தம்பதி, "பிரிக்கவே இல்லை, கலர் பிடிக்கலை, மாத்திக் கொடு" என்றார்கள். அக்கா மகள் கறையைக் காட்டினாள். "கட்டின புடவையை எடுத்துக்க மாட்டோம்மா" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பக்கத்துச் செக்‌ஷன் பெண்ணும் அதையே சொல்கிறாள். கணவர் கைபேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கினார். "உன் பேரு என்ன? பேட்ஜைக் காட்டு. எங்களைப் பொய் சொல்றவங்கன்னு சொல்றியா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார்." அவள் கையால் முகத்தை மறைத்தாள். அதுவும் குற்றமாயிற்று: மரியாதை தெரியாதவள். ஃப்ளோர் சூப்பர்வைசர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. அடுத்து, அவளையும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். புடவையை மாற்றிக் கொடுத்தார்கள். இரவு கூகுளில் கடைக்கு ஒரு நட்சத்திரம் விழுந்தது, பேட்ஜில் இருந்த அவள் பெயரோடு. மாதக் கடைசியில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

சூப்பர்வைசரையும் நான் முழுதாகக் குறை சொல்லவில்லை. அவருக்கும் மேலே கேமரா இருக்கிறது, ஹைதராபாத்திலோ எங்கோ உட்கார்ந்து நட்சத்திரங்களைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புடவையைத் திருப்பி அனுப்பி ஒரு வியாபாரத்தை இழக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. என் மாமாவிடம் இருந்தது. அந்த மாடியில் யாரிடமும் இல்லை. 1983-ல் ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் பொறுமையும் சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்பு ஆகிவிட்டன என்று எழுதினார். மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும், எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். திட்டை வாங்கிக்கொண்டு சிரிப்பதால் உள்ளே எங்கே வலிக்கிறது என்று இவளால் மருத்துவரிடம் காட்ட முடியாது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "நான் சொன்னதுல என்ன தப்பு மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

சில ஊர்கள் விழித்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2021 முதல் கடை ஊழியரைத் தாக்குவதும் மிரட்டுவதும் வசைபாடுவதும் தனிக் குற்றம். டோக்கியோவில் வாடிக்கையாளர் கொடுமைக்கு எதிரான விதி 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. விருந்தோம்பலுக்குப் பேர்போன நாட்டிலேயே அது தேவைப்பட்டிருக்கிறது. நம்மிடம் அப்படி எதுவும் வருவதற்கு முன்பே, பழைய சட்டம் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1936-ன் ஊதியம் வழங்கல் சட்டம், ஊழியரிடம் விளக்கம் கேட்காமல் அபராதம் போடக் கூடாது என்றது. ஒரு சம்பளக் காலத்தில் அபராதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்றது. அதன் இடத்துக்கு வந்த 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இரண்டையும் வைத்திருக்கிறது. முப்பது நாள் சம்பளத்தில் ஒரு நாள் என்பதே நூற்றுக்கு மூன்றைத் தாண்டிவிடுகிறது.

இதை நான் அவளிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் பயந்தாள். வேலை போய்விடும் என்றாள் அக்கா. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே வந்து காகிதம் எடுத்தாள். தெலுங்கில் எழுதினோம். கோபம் எதுவும் இல்லாமல், புடவை வந்த நேரம், ஃபால்ஸ், சந்தனக் கறை, அவள் சொன்ன ஒரு வாக்கியம், கைபேசியில் படம் பிடித்தது, பிடித்த தொகை. "மன்னிக்கவும்" என்று தொடங்கப் போனாள். அந்த வார்த்தையை அன்றைக்கே ஒரு தடவை சொல்லியாயிற்று என்றேன். அதை எடுத்துவிட்டாள். பெயருக்குக் கீழே பணியாளர் எண்ணைப் போட்டாள்.

எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, மாற்றிக் கொடுக்கும் கவுன்டரில் ஒருத்திக்குப் பதிலாக இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். கறை படிந்த புடவையை வாங்கலாமா என்று முடிவு செய்ய சூப்பர்வைசரே அங்கே வந்து நிற்க வேண்டும் என்றும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்த சம்பளம் இந்த மாதமும் வரவில்லை. அதைக் கேட்டு எழுதும் அடுத்த கடிதத்தில் தாங்களும் கையெழுத்துப் போடுவதாக அந்தத் தளத்துப் பெண்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை இல்லை என்பதால் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கூடுவதாக இருக்கிறார்கள்.